கரிபியன் கரையிலே இருவர்



மணம் முடித்த இருவர் சுற்றத்தாரை விட்டுச் சில நாள் வேற்றூரில் தங்கி வருதல் இன்று உலகின் பல நாடுகளிலும் வழக்கமாகிவிட்டது. குளிர்நாடுகளில் வாழ்வோருக்கு இத்தகைய பயணம் என்றவுடன் வெப்பவலயத்துக் கடற்கரையே நினைவுக்கு வரும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள தம்பதியர் பலர் ஆண்டுதோறும் கரிபியன் கடலை நாடிச் செல்கின்றனர். வெண்மணல், தென்னஞ்சோலை, நீலமும் பச்சையும் கலந்த தெளிந்த நீர் ஆகியவற்றை விளம்பரப் படங்கள் அவர்களுக்குக் காட்டுகின்றன. ஆனால், அந்த மணல் எங்கிருந்து வந்தது, அந்த நீர் ஏன் அத்துணைத் தெளிவாக இருக்கிறது, அக்கரையைக் கடல் கொண்டுபோகாமல் காப்பது யாது என்பனவற்றைப் படங்கள் சொல்வதில்லை. இவற்றை அறிந்து செல்வோருக்கு இன்பம் மிகும், ஆபத்துக் குறையும், அவர்களால் அக்கரைக்கு விளையும் தீங்கும் குறையும். இதனையே இன்று விளக்கிக் கூற எண்ணுகிறேன்.

கரிபியன் கரை மிக நீண்டது. ஆகையால், மெக்சிக்கோ நாட்டின் கிழக்கு ஓரமாகிய யுக்கத்தான் குடாநாட்டின் கரையை மட்டும் எடுத்துக்கொள்வோம். கின்தானா றோ என்னும் மாநிலத்தைச் சேர்ந்த கரை அது. வடக்கே கன்கூன் நகரம். அதற்குத் தெற்கே ஏறத்தாழ 130 கிலோ மீற்றர் தொலைவில் துலூம் என்னும் பழம்பதி. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வாரம் தங்கிக் கடலிலும் குகையிலும் துணிகரமாய் விளையாட விரும்பும் இளந்தம்பதியர் இருவர் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் பின்னே நாமும் செல்வோம்.

இக்கரைக்குப் பயணம் செய்தல் புதிய வழக்கம் அன்று. ஸ்பானியர் வருமுன் இங்கு வாழ்ந்த மாயர் என்னும் மக்கள், கரைக்கு எதிரேயுள்ள கொசுமெல் தீவில் இஷ்செல் என்னும் பெண்தெய்வத்தை வழிபட்டனர். மகப்பேற்றுக்கும் மருத்துவத்துக்கும் உரிய தெய்வம் அது. குழந்தை வரம் வேண்டிய பெண்கள், மரத்தைக் குடைந்து செய்த வள்ளத்தில் ஏறி, வேகமாய் ஓடும் நீரோட்டத்தைக் கடந்து அத்தீவுக்குச் சென்றனர். அருகிலுள்ள மற்றொரு தீவிலே பெண்ணுருவச் சிலைகளைக் கண்ட ஸ்பானியர் 1517ஆம் ஆண்டில் அதற்குப் பெண்கள் தீவு என்று பெயரிட்டனர். அப்பெயர் இன்றும் வழங்குகிறது. துலூமோ, கடலை நோக்கி ஏறத்தாழ 12 மீற்றர் உயர்ந்து நிற்கும் பாறைமேல் மதில் சூழ அமைந்த வணிக நகரம். 13ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை சிறந்து விளங்கியது. 1518இல் இக்கரையோரமாய்ச் சென்ற கிரிகால்வாவின் கப்பல்களில் இருந்தோர் கடலிலிருந்தே இக்கரையின் மாயர் நகரங்களைக் கண்டு வியந்தனர்.

பின்னர் நெடுங்காலம் இக்கரை வெளியுலகம் அதிகம் அறியாத இடமாகக் கிடந்தது. 1960களின் பிற்பகுதியில் மெக்சிக்கோவின் மத்திய வங்கி, அந்நியச் செலாவணி தேடித்தரும் உல்லாசப் பயண நகரம் ஒன்றை அமைக்க இடம் தேடியபோது, கன்கூன் தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்போது அங்கே விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே வாழ்ந்தனர். 1970இல் வேலை தொடங்கியது. 1974இல் முதல் ஹோட்டல்கள் திறக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் அந்நகரின் மக்கள்தொகை 8 இலட்சத்துக்கும் அதிகம். ஐம்பது ஆண்டுகளில் ஒரு மணற்றிட்டு மாநகரானது. ஹோட்டல்கள் நிற்பது, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் உடைய, ஏழு என்ற இலக்கம்போல் வளைந்த ஒடுங்கிய மணற்றீவின்மேல் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல்நாட் காலையில் தம்பதியர் வெறுங்காலுடன் மணலில் இறங்குகின்றனர். வெயில் ஏறிய பின்பும் கால் அவ்வளவாகச் சுடவில்லை. காரணம் யாது? பிற இடங்களிற் பெரும்பாலும் மலைப்பாறைகள் தேய்ந்து ஆற்றுவழியே கடலுக்கு வந்த துகள்களே மணலாகின்றன. இங்குள்ள மணலோ கடலிலே பிறந்த சுண்ணாம்பு. மீன்முட்டைபோல் உருண்ட நுண்ணிய சுண்ணாம்பு மணிகளும், சிப்பி, முருகைக்கல், சுண்ணாம்பு படிந்த பாசி ஆகியவற்றின் துகள்களும் சேர்ந்தது அது. வெண்மை நிறம் கதிரவன் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் மணல் கொதிப்பதில்லை. முருகைக்கல்லை அரைத்து மணலாக்கும் தொழிலாளி ஒருவனும் உண்டு. கிளியின் அலகுபோன்ற பல்லுடைய கிளிமீன் பாறையைக் கொறித்து, அதில் ஒட்டிய பாசியை உண்டு, கல்லை மாவாக்கிக் கழிக்கிறது. பெரிய இனத்துக் கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோகிராம் மணலை இவ்வாறு உண்டாக்கவல்லது.

நீரின் தெளிவுக்குக் காரணம் இன்னும் வியப்புக்குரியது. யுக்கத்தானின் வடபாகத்தில் நிலத்தின்மேல் ஓடும் ஆறு கிடையாது. தரை முழுவதும் நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். பெய்யும் மழை அப்படியே உள்ளே இறங்கி, நிலத்தடிக் குகைகள் வழியே கடலைச் சேர்கிறது. சேறும் வண்டலும் கடலிற் கலப்பதில்லை. ஆகவே நீர் தெளிந்திருக்கிறது. தெளிந்த நீரில் கதிரொளி ஆழத்துக்குச் செல்லும். அவ்வொளியைக் கொண்டே முருகை உயிர்கள் வளர்ந்து பாறையாகின்றன. ஆறின்மையால் தெளிநீர்; தெளிநீரால் முருகைக்கற்பாறை; அப்பாறையால் மணலும் கரையும் என இவை ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன.

இனி, நீராடல். கடற்கரையிலே நிறக்கொடிகள் பறக்கும். பச்சை, கடல் அமைதி என்பதையும், மஞ்சள், எச்சரிக்கை வேண்டும் என்பதையும், சிவப்பு, பேராபத்து என்பதையும் குறிக்கும். கறுப்புக் கொடி ஏறினால் நீரில் இறங்கவே கூடாது. முருகைக்கற்பாறை அரணாக நிற்கும் இடங்களிற் கடல் குளம்போல் கிடக்கும். அவ்வரண் இல்லாத திறந்த கரையில், அலைகளால் கரைக்கு வந்த நீர் ஓர் ஒடுங்கிய வாய்க்காலாய்த் திரும்பி விரைந்தோடும். அதிலே அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடித்துக் களைத்தே உயிரிழக்கிறான். செய்யத்தக்கது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அவ்வோட்டத்தை விட்டு விலகுவதாகும். விலகிய பின்னரே கரையை நோக்கித் திரும்ப வேண்டும். மனைவி அகப்பட்டாள் என்று கணவன் கண்மூடிப் பாய்வதாலும், கணவனைக் காக்க மனைவி பாய்வதாலும் ஓருயிர் போகும் இடத்தில் ஈருயிர் போதல் உண்டு. மிதக்கும் பொருளொன்றை எறிந்து, காவலரை அழைப்பதே அறிவுடைமை.

அடுத்த நாள் தம்பதியர் காட்டுவழியே சென்று, செனோத்தே எனப்படும் இயற்கைக் கிணறு ஒன்றை அடைகின்றனர். குகையின் கூரை இடிந்து விழுந்ததால் உண்டான நீர்நிலை அது. நமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள நிலாவரைக் கிணற்றைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அங்கும் சுண்ணாம்புக்கல், அங்கும் நிலத்தின்மேல் வற்றாத ஆறு இல்லை, அங்கும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். பாரங் குறைந்த நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்பதே இதன் மருமம். யுக்கத்தானில் சுழியோடுவோர் இவ்விரண்டு நீரும் சந்திக்கும் மட்டத்தைக் கண்ணாலேயே காண்கின்றனர். வெயிற் காலத்துத் தார்வீதியில் கானல் நெளிவதுபோல, அவ்விடத்தில் எதிரேயுள்ள பாறை நெளிந்து மங்கித் தோன்றும்.

இக்கிணறுகள் தனித்தனியானவை அல்ல. நீருக்கடியில் குகைகளால் இணைந்தவை. துலூமுக்கு அண்மையிலுள்ள சாக் அக்துன் என்னும் குகைத் தொடரையும் அயலிலுள்ள இன்னொரு தொடரையும் இணைக்கும் வழி கண்டறியப்பட்டதென 2018இல் அறிவிக்கப்பட்டபோது, அளந்தறியப்பட்ட அதன் நீளம் 347 கிலோ மீற்றராக இருந்தது. பனியூழிக் காலத்திற் கடல்மட்டம் தாழ்ந்திருந்தமையால் இக்குகைகள் அன்று வறண்டிருந்தன. கூரையிலிருந்து சொட்டும் நீரால், காற்றுள்ள இடத்தில் மட்டுமே வளரவல்ல கற்றூண்கள் இன்று நீருக்குள் நிற்பது இதற்குச் சான்று. 2007இல் இத்தகைய குகைப் பள்ளம் ஒன்றிலே, 12,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய, பதினைந்து அல்லது பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. நையா என்று ஆய்வாளர் அவளுக்குப் பெயரிட்டனர். இருண்ட குகைக்குள் வழி தவறி விழுந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இன்றும் அக்குகைகள் வழி தவறியவரை எளிதில் விடுவன அல்ல. மேலே திறந்த வெளியில் நீராடுவோருக்கு உயிர்காப்பு அங்கி போதும். உள்ளே சுழியோடுவது வேறு கலை. திறந்த கடலில் இடர் நேர்ந்தால் மேலெழலாம். குகையில் மேலே கற்கூரை. ஆகவே அக்கலையில் தேர்ந்தோர் மூன்று விதிகளைப் போற்றுகின்றனர். வாயிலிலிருந்து விடாது தொடரும் கயிற்றை வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும். ஒன்று அணைந்தால் மற்றொன்று உதவும்படி பல விளக்குகள் வேண்டும். கலத்திலுள்ள காற்றில் மூன்றில் ஒரு பங்கு செலவானவுடன் திரும்பிவிட வேண்டும். திரும்பும் வழிக்கு ஒரு பங்கு, எதிர்பாரா இடருக்கும் துணைவருக்கும் மற்றொரு பங்கு. குகைப் பயிற்சி பெறாதவர், வழிகாட்டியுடன் சென்றாலும், வாயிலின் பகலொளி கண்ணுக்குத் தெரியும் எல்லையைக் கடத்தலாகாது. காதலின் பெயரால் வீரம் காட்டுவதற்கு அது இடமன்று.

மூன்றாம் நாள் கடலுக்குள் செல்கின்றனர். இக்கரைக்கு வெளியே கிடக்கும் முருகைக்கற்பாறைத் தொடர், யுக்கத்தானின் வடமுனையிலிருந்து ஹொண்டூராஸ் நாட்டுத் தீவுகள் வரை ஏறத்தாழ 1,000 கிலோ மீற்றர் நீண்டது. அவுஸ்திரேலியாவின் பெருந்தொடருக்கு அடுத்ததாக இதனையே கூறுவர். ஆமைகளின் இடம் என மாயமொழியிற் பொருள்படும் அக்குமால் விரிகுடாவில், கடற்புல்லை மேயும் பேராமைகளை மூச்சுக்குழாய் பூட்டி நீந்துவோர் காணலாம். கோடையிலே பெண்கள் தீவுக்கு அப்பால் திமிங்கிலச் சுறாக்கள் கூடுகின்றன. மீன்களிலெல்லாம் பெரியதாயினும், நுண்ணுயிர்களையும் மீன்முட்டைகளையும் வடித்துண்டு வாழும் சாதுவான மீன் அது. 2009ஆம் ஆண்டில் வானிலிருந்து எண்ணியபோது ஒரே இடத்தில் 420 வரை காணப்பட்டன. ஒரு படகிலிருந்து வழிகாட்டியுடன் இருவர் மட்டுமே ஒரு வேளையில் நீரிலிறங்கலாம். தொடுதல் கூடாது என்பது அங்குள்ள விதி. இருவர் என்ற இவ்விதி நமது தம்பதியருக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

ஏன் இத்தனை விதிகள் என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. பெருந்திரளாய் வளரும் முருகை இனங்கள் ஓராண்டில் ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே அரிது. நீந்துபவர் காலூன்றி நின்ற ஒரு கணத்தில் முறிந்துபோவது, அவருடைய பாட்டனார் காலத்தில் தொடங்கிய வளர்ச்சியாக இருக்கலாம். கன்கூனில் நீருக்கடியில் ஏறத்தாழ 500 சிலைகளை நிறுத்தி ஒரு நூதனசாலையை அமைத்திருப்பதும் இதனாலேயே. 2009இல் தொடங்கப்பட்ட அந்த முயற்சியின் நோக்கங்களுள் ஒன்று, சுழியோடிகளின் கூட்டத்தை உயிருள்ள பாறையிலிருந்து வேறிடத்துக்குத் திருப்புவதாகும்.

இனி, கரை எவ்வளவு நிலையானது என்று பார்ப்போம். ஜூன் முதல் நவம்பர் வரை இங்குச் சூறாவளிக் காலம். 1988இல் கில்பேர்ட் என்னும் சூறாவளியும், 2005 ஒக்டோபரில் வில்மா என்னும் சூறாவளியும் இக்கரையைத் தாக்கின. வில்மா ஒருநாளுக்கும் மேலாக அப்பகுதியை விட்டகலாது நின்றது. அது நீங்கியபோது கன்கூன் கரையின் பெரும்பகுதியில் மணலே இல்லை. ஹோட்டல்களின் அத்திவாரமும் பாறையும் தெரிந்தன. அரசாங்கம் பெருஞ்செலவிற் கடலடியிலிருந்து மணலை அள்ளி 2006இல் கரையைத் திரும்ப அமைத்தது. சில ஆண்டுகளில் அந்த மணலும் அரித்துச் செல்லப்பட, 2010இல் மீண்டும் கொட்ட வேண்டியதாயிற்று. மணல் ஓரிடத்தில் நில்லாது நகர்வது. புயலில் இழந்ததை மணல்மேடுகளிலிருந்து தானே ஈடுசெய்வது. அம்மேடுகளின்மேலேயே கட்டடம் எழுப்பியபின் ஈடுசெய்ய என்ன இருக்கிறது?

அலையின் வலிமையைக் குறைக்கும் அரண் முருகைக்கற்பாறையே. உலகின் பல கடல்களிற் செய்த அளவீடுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வு, இத்தகைய பாறைகள் அலையின் சக்தியிற் சராசரியாக 97 வீதத்தைத் தணிக்கின்றன என்று கூறுகிறது. நமது தென்மேற்குக் கரையிற் சுண்ணாம்புக்காக முருகைக்கல் அகழப்பட்ட இடங்களில், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அயற்புறங்களைவிட உள்ளே வெகுதூரம் புகுந்ததை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். கின்தானா றோ மக்கள் இதனை உணர்ந்து ஒரு புதுமை செய்தனர். வீட்டுக்கும் கப்பலுக்கும் காப்புறுதி செய்வதுபோல, 2019இல் முருகைக்கற்பாறைக்கே காப்புறுதி செய்தனர். சூறாவளியின் வேகம் குறித்த அளவைத் தாண்டினால் பணம் உடனே கிடைக்கும். 2020 ஒக்டோபரில் டெல்ரா என்னும் சூறாவளி வீசியதும் ஏறத்தாழ 8 இலட்சம் டொலர் கிடைத்தது. முன்னரே பயிற்றப்பட்ட சுழியோடிகள் இறங்கி, உடைந்த முருகைத் துண்டுகளைப் பொறுக்கிச் சீமெந்தால் மீண்டும் ஒட்டினர். கரையின் செல்வம் கடலுக்குள் இருக்கிறது என்பதற்கு இதனிலும் சிறந்த சாட்சி வேண்டுமோ?

எனினும், காப்புறுதியால் ஈடுசெய்ய இயலாத கேடுகளும் உள. முருகையின் தசையை அழிக்கும் கொடிய நோயொன்று 2014இல் புளோரிடாவில் தோன்றி, 2018இல் இக்கரையை அடைந்து, பழம்பெரும் முருகைகள் பலவற்றைச் சில மாதங்களிற் கொன்றது. 2011 முதல் அத்திலாந்திக் கடலில் பெருகிவரும் சர்காசம் என்னும் மிதக்கும் பழுப்புப் பாசி, பல ஆண்டுகளில் இக்கரையில் மலையாய் ஒதுங்கியிருக்கிறது. கரையில் அழுகும் பாசி, கூழ்முட்டை நாற்றமுடைய நச்சுவாயுவை விடுகிறது. அதன் சாறு தெளிநீரைக் கலக்கிக் கடற்புல்லை மாய்க்கிறது.

இவற்றோடு, விருந்தினரே செய்யும் கேடு ஒன்று உண்டு. முன்னர்க் கூறிய நிலத்தடி நீர்வழிகளை நினைவு கூருங்கள். நுண்துளை நிறைந்த சுண்ணாம்புத் தரையில் விடப்படும் கழிவுநீர் எங்கே போகும்? மழைநீர் சென்ற வழியே அதுவும் செல்லும். இக்கரையின் குகைநீரை ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட முடிவுகளில், மருந்துகளின் எச்சமும், உடம்பிற் பூசுவனவும் கழுவுவனவுமான பொருள்களின் எச்சமும் காணப்பட்டதாகச் சொல்லப்பட்டது. இதன் கருத்து யாது? முதல்நாள் ஹோட்டல் குளியலறையிற் கழுவிவிட்டது, காட்டினடியே சென்று, தூயது என்று நம்பி நீராடும் கிணற்றையும், காணவந்த முருகையையும் சேரலாம். முருகையைப் போர்த்து மூச்சடைக்கச் செய்யும் பாசிக்கு அக்கழிவே உரம். அண்மைக் காலத்தில் கன்கூனையும் துலூமையும் இணைக்கும் புகையிரதப் பாதைக்கு உருக்குத் தூண்கள் இக்குகைகளின் கூரையைத் துளைத்து நாட்டப்பட்டமை பெரும் வாதத்துக்கு உள்ளானதும் இக்காரணம் பற்றியே.

அப்படியானால் அங்கே செல்லாமலிருப்பதே நன்று என்பீர்களோ? அவ்வாறு நான் கூறேன். அக்கரையின் மக்கள் இலட்சக்கணக்கானோர் விருந்தினரை நம்பியே வாழ்கின்றனர். மாயர் வழிவந்தோர் பலர் ஹோட்டல் பணியாளராகவும், படகோட்டிகளாகவும், வழிகாட்டிகளாகவும் உள்ளனர். பாறை கெட்டால் முதலிற் பட்டினி கிடப்பவர் அவர்களே. விருந்தினர் வேறு கடற்கரை தேடிப் போய்விடுவர்.

ஆகவே, சென்றவர் செய்யத்தக்கன சில. வெயிலுக்குக் களிம்பைப் பூசிக்கொண்டு நீரில் இறங்குவதைவிட நீண்ட கைச்சட்டை அணிவது மேல். செனோத்தேயில் இறங்குமுன் பூசியதைக் கழுவிவிட வேண்டும். முருகையிற் கால் ஊன்றலாகாது, ஆமையைத் தொடலாகாது. சிறிது கூடுதலான பணம் கொடுத்தாயினும் விதிகளை மதிக்கும் வழிகாட்டியையே அமர்த்த வேண்டும். விதியை மீறிக் காட்டுகிறேன் என்பவனை விலக்க வேண்டும். தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கையில், அறையின் அலங்காரத்தைக் கேட்பதுபோலக் கழிவுநீர் எங்கே செல்கிறது என்றும் கேட்டறிய வேண்டும். கேட்பவர் பலராயின் ஹோட்டல்காரர் விடை தேடியே தீருவர். மெக்சிக்கோவின் சட்டப்படி கடற்கரை தனியாருக்கு உரியதன்று. நாட்டு மக்கள் அனைவருக்கும் பொது. அயலார் விருந்தினராக வந்து மகிழ்வதும் அப்பொதுச் சொத்திலேயே.

குழந்தை வரம் வேண்டி வள்ளமேறிச் சென்ற மாயர் பெண்கள் தங்களுக்குப் பின் வரப்போகும் தலைமுறையை எண்ணியே அக்கடலைக் கடந்தனர். இன்று செல்லும் தம்பதியரும் தம் பிள்ளைகளுக்கு அக்கரையை ஒருநாள் காட்டுதல் வேண்டும் என்று எண்ணுவாராயின், இங்குக் கூறியன யாவும் அவர்களுக்குச் சுமையாகத் தோன்றா.